குதிரை இல்லாத ஊரில் குதிரை எச்சரிக்கை

மோனென்சின் என்ற மருந்து கலந்த கோழித் தீவன மூட்டையில் ஒரு சீட்டு தைத்திருப்பார்கள். அதன் கடைசி வரி பொடி எழுத்தில் இருக்கும்: குதிரை இனங்களுக்குக் கொடுக்கக் கூடாது. பரமத்தி பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மறுபடியும் படித்தார். "டாக்டரம்மா, நம் தாலுகாவில் குதிரை எங்கே இருக்கிறது? இதை எதற்கு அச்சடிக்கிறார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். அவரிடம் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். விரிந்துகொண்டே போய்விட்டது.

நான் கால்நடை மருத்துவர். ஊசி போடும் மருத்துவர் இல்லை. நாமக்கல் வட்டாரத் தீவன ஆலைகளுக்குத் தரம் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கோழியைவிடத் தூசியைத்தான் அதிகம் பார்க்கிறேன். தீவனத்தில் கலக்கும் மருந்துகளைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "இது பாதுகாப்பானதா?" ஆமாம், இல்லை என்று இதற்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவருக்குக் கோபம் வருகிறது. எந்தப் பிராணிக்கு, எந்த வயதில், எந்த அளவில், வேறு என்ன மருந்தோடு சேர்த்து, எந்த மாதத்தில் என்று நான் திருப்பிக் கேட்டால் இன்னும் கோபம் வருகிறது.

முதலில் அந்தக் குதிரை. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வருவது ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால். கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு வகை உண்டு. எச்சத்தில் சிவப்பு ரத்தமாகக் காட்டுவது பெரும்பாலும் குருட்டுக்குடலில் உட்காரும் டெனெல்லா என்ற வகை. தரையில் வளரும் கோழிக்கு இது வராமல் இருக்காது, எவ்வளவு குறைவாக வருகிறது என்பதுதான் விஷயம். அதனால் குஞ்சுப் பருவத்திலிருந்தே தீவனத்தில் தடுப்பு மருந்து கலக்கிறார்கள். மோனென்சின் அதில் மூத்தது. மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரி உண்டாக்கும் பொருள். 1971-இல் அமெரிக்காவில் கோழித் தீவனத்துக்கு அனுமதி பெற்றது. பின்னால் சாலினோமைசின், நாராசின், லசலோசிட், மதுராமைசின் என்று அந்தக் குடும்பம் பெருகியது.

இவை எல்லாமே செய்வது ஒரே வேலை. உயிரணுவின் சவ்வுக்குள் நுழைந்து உப்பு அயனிகளை உள்ளே கடத்திவிடும். ஒட்டுண்ணியால் அந்த உப்பை வெளியே தள்ளி மாளாது. ஊதி, வெடித்துச் சாகும். கோழியின் உயிரணுக்களுக்கும் இதே கடத்தல் நடக்கத்தான் செய்கிறது. கோழியின் கல்லீரல் மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடுவதால் தப்பிக்கிறது. குதிரைக்கு அந்த வேகம் கிடையாது. அதன் இதயத் தசையில் போய் மருந்து தன் வேலையைக் காட்டும்.

எண்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பாதிப் பிராணிகளைக் கொல்லும் மோனென்சின் அளவு, கிலோ உடல் எடைக்கு, கோழியில் ஏறத்தாழ 200 மில்லிகிராம். மாட்டில் 20 முதல் 80. வெள்ளாட்டில் 25 அளவில். நாயில் 10 முதல் 20. குதிரையில் 2 முதல் 3. சாலினோமைசின் என்றால் குதிரைக்கு 0.6 மில்லிகிராமே போதும். 400 கிலோ குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மில்லிகிராம் மோனென்சினில் அது கவலைக்கிடம். டன்னுக்கு 110 கிராம், அதாவது 110 பிபிஎம் மருந்து கலந்த கோழித் தீவனத்தில் ஒன்பது கிலோ தின்றால் அந்த அளவு வந்துவிடும். கலப்பதற்கு முன்னால், 20 சதவீதம் மருந்துள்ள பிரிமிக்ஸ் பொடியாக இருக்கும்போது, ஐந்தே கிராமில் வந்துவிடும். ஒரு தேக்கரண்டி.

பரமத்திக்காரரிடம் குதிரை இல்லை. நாய் இருந்தது. தீவனக் கிடங்கு வாசலில் சிந்தியதைப் பொறுக்க வெள்ளாடுகள் வந்துபோயின. மகன் ஆசைக்கு வளர்க்கும் வான்கோழிகள் வேப்பமரத்தடியில் நின்றன. கோழிக்கு அன்றாடம் போடும் அளவு சாலினோமைசினே வளர்ந்த வான்கோழிக்கு நஞ்சு. குதிரை என்ற சொல்லைப் பார்த்து நமக்கில்லை என்று கடந்துபோகாமல், இந்த மூட்டையில் இருக்கும் மருந்தளவு கோழியை மட்டும் மனத்தில் வைத்துப் போட்டது என்று அந்த வரியைப் படிக்க வேண்டும் என்றேன். அவர் வான்கோழிகளைப் பார்த்தார்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். மருந்து விற்பனை அனுமதிக்கு வரும்போது, எந்தப் பிராணிக்கு விற்கிறார்களோ அந்தப் பிராணியிலேயே தாங்குதிறன் பார்க்க வேண்டும். பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட நெறிமுறை இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத தீவனம். மற்றவற்றுக்குச் சிபாரிசு அளவு, அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு. வழக்கமாகக் கொடுக்கும் காலத்தைப்போல் மூன்று மடங்கு காலம் கொடுக்க வேண்டும். தினமும் எவ்வளவு தின்றது, எடை என்ன, நடை எப்படி, ரத்தத்தில் என்ன மாறியது என்று பார்ப்பார்கள். முடிவில் அறுத்துக் கல்லீரல், சிறுநீரகம், இதயம், தொடைத் தசையை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தாய்க்கோழிக்கான மருந்தென்றால் முட்டை எண்ணிக்கை, ஓட்டின் தடிமன், பொரிப்பு விகிதமும் கணக்கில் வரும்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் சிலர் ஐந்து மடங்கு என்பதை ஒரு தேர்வு மதிப்பெண் மாதிரிச் சொல்வார்கள். "ஐந்து மடங்கு வரை பார்த்திருக்கிறார்கள் மேடம், பயமே வேண்டாம்." பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. என்ன பார்த்தார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். கோழி தாங்குகிறது என்று நிரூபிப்பதற்காக அந்த மடங்கு அளவுகளைக் கொடுப்பதில்லை. அளவு மீறினால் எந்த உறுப்பு முதலில் போகிறது, வெளியே என்ன அறிகுறி தெரிகிறது என்று அறியத்தான் கொடுக்கிறார்கள். மோனென்சின் குடும்பத்தில் எந்த மருந்துக்கும் தாராளமான இடைவெளி கிடையாது. அளவு இரட்டிப்பானாலே தீவனம் எடுப்பது குறைந்து எடை விழும். அதற்கும் மேலே போனால் கோழி மார்பைத் தரையில் வைத்துப் படுத்து, இரண்டு கால்களையும் பின்னால் நீட்டிவிடும். டன்னுக்கு 5 கிராம் மட்டுமே சேர்க்கும் மதுராமைசினில் இந்த இடைவெளி இன்னும் குறுகியது. சோதனைக் கூடத்தில் யாரோ அந்தக் காலைப் பார்த்துக் குறித்து வைத்ததால்தான், பண்ணையில் அதே காட்சியைப் பார்க்கும்போது கால் முடக்கும் மேரக் நோய் என்று தடுப்பூசிக்காரரோடு சண்டைக்குப் போகாமல் முதலில் தீவனத்தைப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றுகிறது.

இன்னொன்று, அந்தச் சோதனையில் கோழிக்குப் போடும் தீவனத்தையே முதலில் ஆய்வகத்தில் அளப்பார்கள். நூறு பிபிஎம் என்று எழுதிவிட்டு உள்ளே எழுபது இருந்தால் சோதனை முழுவதும் வீண். நம் ஆலைகளில் இந்தப் படிதான் விட்டுப்போகிறது.

மோனென்சின், சாலினோமைசின், நாராசின் மூன்றையும் அளக்கும் முறையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தீவனத்தை மெத்தனால் கலவையில் குலுக்கி வடித்து, திரவ நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துவோம். இந்த மருந்துகள் தாமாக ஒளியை உறிஞ்சாதவை. கருவியின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கருவிக்குள்ளேயே வெனிலினும் கந்தக அமிலமும் கலந்த கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் நிறம் ஏறும். அந்த நிறத்தை அளக்கலாம். வெனிலின் என்றால் ஐஸ்கிரீமில் போடும் அதே வெனிலின்தான். கரைசல் தயாரிக்கும் நாளில் ஆய்வகம் பேக்கரி மாதிரி மணக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த மணம் பிடித்துப்போகும், கந்தக அமிலத்தின் முதல் சொட்டு கோட்டில் ஓட்டை போடும் வரை.

இப்போது கலக்கும் அறைக்கு வாருங்கள். 20 சதவீத பிரிமிக்ஸ் அரைக் கிலோ, ஒரு டன் தீவனத்துக்கு. கணக்குப்படி 100 பிபிஎம். ஆயிரம் கிலோ மக்காச்சோளம், சோயா, தவிட்டுக்குள் அரைக் கிலோ பொடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் போய்ச் சேர வேண்டும். நேரடியாக மிக்சரில் கொட்டினால் சேராது. முதலில் பத்துக் கிலோ தவிட்டில் கலந்து, அதை ஐம்பது கிலோ மாவில் கலந்து, பிறகுதான் மிக்சருக்குப் போக வேண்டும். கலந்து முடித்த தீவனத்தில் பல இடங்களில் மாதிரி எடுத்து அளந்தால், அளவுகளின் சிதறல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. மிக்சரின் துடுப்புகள் தேய்ந்துவிட்டால் அது தாண்டும். "இயந்திரம் ஓடுகிறதே" என்பார்கள். ஓடுகிறது. கலக்கிறதா என்பது வேறு.

குஞ்சுக்கு ஆபத்து அதிகம் என்பதையும் இங்கேதான் பார்க்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கோழி நாளைக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தின்னும். முந்நூறு கிராம் குஞ்சு ஐம்பது கிராம் தின்னும். உடல் எடைக்கு ஒப்பிட்டால் குஞ்சு வாங்கும் மருந்து இரண்டு பங்குக்கும் மேல். மூட்டையில் எழுதியிருக்கும் பிபிஎம் இரண்டுக்கும் ஒன்றுதான். மருந்து ஒரு பக்கம் கட்டியாக நின்றுவிட்ட மூட்டை குஞ்சுக் கொட்டகைக்குப் போய்விட்டால், ஒரு மூலையில் மட்டும் குஞ்சுகள் கால் நீட்டிக் கிடக்கும். மற்றப் பக்கம் ஓடித் திரியும். இதைப் பார்த்துவிட்டு நோய் பரவுகிறது என்று ஆன்டிபயாடிக் ஊற்றுவார்கள்.

ஆன்டிபயாடிக் என்றதும் டியாமுலினைச் சொல்ல வேண்டும். கோழிகளின் நாள்பட்ட மூச்சு நோய்க்கு, அதை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கு, நல்ல மருந்து. குடிதண்ணீரில் கொடுப்பார்கள். தனியாகக் கொடுத்தால் சாது. தீவனத்தில் மோனென்சினோ சாலினோமைசினோ நாராசினோ இருக்கும்போது கொடுத்தால், கல்லீரலில் அவற்றைச் சிதைக்கும் நொதியை டியாமுலின் மடக்கிவிடும். சரியான அளவில் கலந்த தீவனமே நஞ்சாகிவிடும். லசலோசிடில் இந்தத் தொல்லை இல்லை. 1970-களின் கடைசியிலிருந்தே தெரிந்த விஷயம் இது. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, சீட்டிலும் இருக்கிறது. ஆனாலும் தொலைபேசி வருகிறது. ஏனென்றால் தீவனம் ஓரிடத்திலிருந்து வருகிறது, தண்ணீர் மருந்து வேறு கடையிலிருந்து வருகிறது. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர் என்றால், தம் தீவனத்தில் என்ன மருந்து இருக்கிறது என்பதே பல நேரம் அவருக்குத் தெரியாது. மருந்தைத் தனித்தனியாகச் சோதித்த இருவர்மீதும் இதில் குற்றம் சொல்ல முடியாது. சீட்டு இல்லாமல் தீவனம் இறக்குகிறவர்மீது சொல்லலாம்.

நிகார்பசின் கதை எனக்குப் பிடித்தமானது. 1955 வாக்கில் வந்த பழைய மருந்து. ரத்தக்கழிச்சலுக்கு இன்றும் கெட்டிக்காரன். இரண்டு குறைகள். வெயிலில் கறிக்கோழியைக் கொல்லும். கோழி தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வேலையை இது கெடுக்கிறது. 22 பாகையில் குளிரூட்டிய கொட்டகையில் நடந்த சோதனையில் நல்ல பிள்ளையாக இருந்த மருந்து, 40 பாகை அடிக்கும் நம் சித்திரை மாதத்தில் வேறு முகம் காட்டும். அதனால்தான் நாமக்கல், பல்லடம் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் இதைக் குளிர்காலத் தீவனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டாவது குறை முட்டையில். முட்டைக்கோழிக்கு இது தவறிப்போய்ச் சேர்ந்தால் பொரிப்பு விகிதம் விழுந்துவிடும். பழுப்பு முட்டை இடும் கோழி வெள்ளை வெளேரென்று இட ஆரம்பிக்கும். ஐரோப்பியப் பண்ணைக்காரருக்கு அது இலவச எச்சரிக்கை மணி. காலையில் முட்டை பொறுக்கும்போதே தெரிந்துவிடும், ஆலைக்குத் தொலைபேசி போய்விடும். நாமக்கல்லில் நாம் இட வைப்பதே வெள்ளை முட்டை. மணி அடித்தாலும் நமக்குக் கேட்காது. மஞ்சள்கரு உருவாகப் பத்து நாள் அளவில் ஆகும். கொழுப்போடு போகும் மருந்து அந்தப் பத்து நாளும் அடுக்கடுக்காக அதில் சேர்ந்துகொண்டிருக்கும். முட்டைத் தீவன ஆலையில் கறிக்கோழித் தீவனத்தையும் ஓட்டிவிட்டு, இடையில் வெறும் மக்காச்சோளத்தை ஓட்டி மிக்சரிலும் எலிவேட்டர் அடிப்பெட்டியிலும் ஒட்டியிருக்கும் மருந்தை வெளியேற்றாமல் விடுகிறவர்களிடம் நான் குரல் உயர்த்துவது இதனால்தான். நிகார்பசினின் பழைய நயமான பொடி நிலைமின்சாரத்தால் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, துடைப்பத்துக்கெல்லாம் மசியாது.

இந்த மருந்தின் இந்தக் கெட்ட குணத்தையே அமெரிக்காவில் சரக்காக்கிவிட்டார்கள். நகரத்துப் புறாக்களுக்கு நிகார்பசின் கலந்த தீனி போட்டு, இட்ட முட்டை பொரிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கவிளைவு என்று நாம் சொல்வது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

இனி முயல். இதை எழுதுவதற்கு உண்மையான காரணமே முயல்தான்.

முயல் வளர்ப்பவர்கள் இங்கே சிறு ஆட்கள். முப்பது, நாற்பது கூண்டு. முயலுக்கென்று தயாரித்த குச்சித் தீவனம் எல்லா ஊர்க் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. பக்கத்துக் கடையில் கறிக்கோழித் தீவனம் கிடைக்கிறது. புரதம் அதிகம், முயல் ஆசையாகத் தின்கிறது. முயலுக்கும் ஐமீரியா வரும். கல்லீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்துவிடும். கோழித் தீவனத்தில் ஐமீரியாவுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது, அப்படியானால் இரட்டை லாபம்தானே என்று நினைக்கிறார்கள். நினைப்பில் தர்க்கம் இருக்கிறது. முயலிடம்தான் இல்லை. முயலில் சோதித்து அனுமதித்தவை ரோபெனிடின், டிக்லசுரில் போன்ற சில. கோழிக்குப் போடும் அளவில் நாராசினும் சாலினோமைசினும் முயலுக்கு ஆபத்து. மூட்டையில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாதபோது, முயல் சீட்டுக் குலுக்கலில் உட்கார்ந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆன்டிபயாடிக். கோழிக் குடல் அழற்சிக்கு டன்னுக்குச் சில கிராம் லின்கோமைசின் சேர்ப்பது உண்டு. முயலின் செரிமானமே அதன் பெரிய குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களை நம்பி நடக்கிறது. லின்கோமைசின் அங்கே போய் நல்லவற்றைக் கொன்றதும், கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி தடையில்லாமல் பெருகி நஞ்சை உமிழும். கழிச்சல், வயிறு உப்பல், சில நாளில் சாவு. தீவனத்தில் அறியாமல் கலந்துபோன லின்கோமைசினால் பண்ணை முயல்கள் கூட்டமாகச் செத்த சம்பவங்கள் வெளிநாட்டில் பதிவாகியிருக்கின்றன. வாய் வழியாகக் கொடுக்கும் பெனிசிலின், ஆம்பிசிலினுக்கும் முயல் இப்படித்தான். கினிப்பன்றிக்கும் அப்படித்தான்.

பெனிசிலின் பிழைத்ததே தற்செயல் என்று சொல்வார்கள். 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றியது. நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலை மருந்து வாங்காத நான்கும் செத்திருந்தன, வாங்கியவை உயிரோடிருந்தன. கினிப்பன்றிக்குப் பெனிசிலின் நஞ்சு என்பது 1943-இல்தான் வெளிவந்தது. அன்று கூண்டில் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றி இருந்திருந்தால் இந்த மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது வேறு விதத்தில் பயன்படுகிறது. "கோழிக்கு நல்லது, முயலுக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்?" என்று கேட்பவரிடம், மனிதரைக் காப்பாற்றிய பெனிசிலினே முயலைக் கொல்கிறதே என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்.

முயல், காடை, கினிக்கோழி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சோதனை செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆசை இல்லை. சந்தை சிறிது, செலவு பெரிது. அதனால் இந்தப் பிராணிகளின் மருத்துவர் பெரும்பாலும் கோழியின் சீட்டையும் தன் துணிச்சலையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். மருந்தில்லாத தீவனம் என்று ஆலையில் கேட்டு வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள், ஐமீரியாவுக்கு முயல் மருத்துவர் சொல்வதைத் தனியாகக் கொடுங்கள். இதைத்தான் சொல்கிறேன். கூண்டின் அடியைக் காயவைத்துச் சுத்தமாக வைத்தாலே பாதி ஐமீரியா போய்விடும் என்பதையும் சொல்கிறேன். அதை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

கோழியைத் தின்னும் மனிதரின் கணக்கு வேறு. ஆய்வுப் பிராணிகளில் எந்தத் தீங்கும் காணாத அளவை எடுத்து, வழக்கமாக நூறால் வகுத்து, ஒரு மனிதர் ஆயுள் முழுதும் தினமும் உட்கொள்ளக்கூடிய அளவு என்று வைப்பார்கள். பிறகு ஒருவர் ஒரே நாளில் 300 கிராம் கோழிக்கறி, 100 கிராம் ஈரல், 10 கிராம் சிறுநீரகம், 90 கிராம் தோலும் கொழுப்பும், போதாததற்கு 100 கிராம் முட்டையும் தின்பதாக வைத்துக்கொண்டு, எஞ்சும் மருந்து அதற்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அந்த மனிதரை நான் சந்தித்ததில்லை. முனியாண்டி விலாஸில் தேடினால் கிடைக்கலாம். அந்த வரம்புக்குள் மருந்து இறங்க எத்தனை நாள் ஆகிறதோ அதுதான் விலக்குக் காலம்.

நம் நாட்டு மருந்து விதிகளில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளின் மருந்துக்கு விலக்குக் காலத்தைச் சீட்டில் போட வேண்டும். அந்தந்த மருந்துக்கெனச் சோதித்து உறுதி செய்யாவிட்டால், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளுக்கும், கறிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது. கறிக்கோழியின் ஆயுளே ஆறு வாரம் போல. நாற்பதாம் நாள் விற்பவர் இந்த விதியை அப்படியே பின்பற்றினால், சோதிக்காத மருந்தைப் பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு தொடவே முடியாது. முட்டைக்கோழியில் இன்னும் வேடிக்கை. ஏழு நாள் முட்டையைக் குழியில் கொட்டும் பண்ணைக்காரரைக் காட்டினால் அவருக்கு மாலை போடுகிறேன். ஆகவே முட்டைக்கோழிக்கு விலக்குக் காலம் தேவைப்படும் மருந்தை எழுதவே கூடாது என்பது என் கட்சி. சக மருத்துவர்கள் சிலர் இதைப் பிடிவாதம் என்கிறார்கள்.

சோதனையில் எல்லாம் தேறிய மருந்தும் பிறகு விழுந்திருக்கிறது. ஆர்சனிக் சேர்ந்த ராக்சார்சோன் 1944 முதல் அமெரிக்கக் கோழித் தீவனத்தில் இருந்தது. அதிலிருக்கும் ஆர்சனிக் தீங்கில்லாத வடிவில் இருக்கிறது, அப்படியே வெளியேறிவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். தீங்கான கனிம ஆர்சனிக்கைக் கோழியின் ஈரலில் மிகச் சிறிய அளவிலும் பிரித்து அளக்கும் முறை பின்னால்தான் வந்தது. அளந்து பார்த்தால், மருந்து தின்ற கோழிகளில் அது கூடுதலாக இருந்தது. 2011-இல் விற்பனையை நிறுத்தினார்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் வேறு மாதிரி. வாய் வழியாகக் கொடுத்தால் குடலிலிருந்து ரத்தத்துக்கு அதிகம் ஏறாது. கறியில் எச்சம் குறைவு, கோழிக்குத் தீங்கு குறைவு. தாங்குதிறன், எச்சம் இரண்டிலும் அதைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2015-இல் சீனாவில், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மனித மருத்துவத்தில் கடைசிக்கு என்று வைத்திருக்கும் மருந்து அது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. நாமக்கல் கடைகளில் சில வாரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் குஞ்சாகத்தான் வருகின்றன, வளரத்தான் செய்கின்றன.

எல்லாம் படித்துவிட்டு, "நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்பீர்கள். தீவனம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கலவையிலும், மிக்சரிலிருந்து இறங்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பையில், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. வெளியிலிருந்து தீவனம் வாங்குபவர் மேல் மூட்டையில் மட்டும் கை விடாமல் அடியில் கிடக்கும் மூட்டையிலும் எடுக்க வேண்டும். காற்றுப் புகாமல் கட்டி, தேதி, தீவனக் கலவை எண், பிரிமிக்ஸ் டப்பாவின் எண், அந்த வாரம் தண்ணீரில் என்ன மருந்து விட்டீர்கள் என்பதை எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கோழி விற்று ஒரு மாதம் ஆன பிறகு தூக்கிப் போடலாம்.

இது இல்லாமல் கோழி சாகும்போது என்ன நடக்கிறது என்றால், மருந்து விற்றவர் தண்ணீரைச் சொல்கிறார், ஆலைக்காரர் குஞ்சைச் சொல்கிறார், குஞ்சு விற்றவர் வெயிலைச் சொல்கிறார், பண்ணைக்காரர் எல்லாரையும் சொல்கிறார். நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். தீவன மாதிரி இல்லாத பஞ்சாயத்துக்கு நான் இப்போது போவதில்லை.